அரவிந்த் கண் மருத்துவமனையின் புரை அறுவை சேவை: வரிசையில் தெரியும் தொலைநோக்கு

மதுரை, தேனி, நெல்லைப் பக்கம் யாராவது கண் மங்குகிறது என்று சொன்னால் "அரவிந்துக்குப் போய்க் காட்டுங்க" என்பதுதான் முதலில் வரும் பதில். அந்தப் பதில் சரிதானா, உள்ளே போனால் என்ன நடக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எங்கே பொறுமை தேவைப்படும் என்பதைப் பற்றியது இந்த மதிப்பீடு. கண் மருத்துவமனையில் பல பிரிவுகள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது கண்புரை அறுவையை மட்டும், அதாவது கண்ணுக்குள் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதை. காரணம், இந்த நிறுவனம் கட்டப்பட்டதே அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

தொழில் நிர்வாகம் படிக்கிற மாணவர்களுக்கு அரவிந்த் ஒரு பாடம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-லேயே இதை வகுப்பறைப் பாடமாக்கிவிட்டது. தொலைநோக்கு என்றதும் பெரிய கனவு, பெரிய பேச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் தொலைநோக்கு அப்படிப்பட்டது அல்ல. அடுத்து எங்கே அடைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த அடைப்பை எடுத்துவிடுகிற பார்வை அது. மருத்துவரின் நேரம், நோயாளியின் பஸ் காசு, லென்ஸின் விலை, கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான தூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இன்று டோக்கன் வாங்கி உட்காருகிறவர் இந்த நாலையும் கண்ணால் பார்க்கலாம்.

கதை சுருக்கமாக. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் வெங்கடசாமி. ராணுவ மருத்துவராக இருந்தபோது வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவி பிடிக்கப் பழகிக் கண் அறுவை மருத்துவரானார். 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே இறங்கியது. பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று பரவியது. இப்போது எல்லா ஊரையும் சேர்த்து ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் மேல் அறுவை, லேசர் சிகிச்சைகள் நடக்கின்றன. அதில் ஏறக்குறைய பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது.

இனி சேவைக்கு வருவோம்.

மதுரையில் கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனிக் கட்டடம். எந்த வாசலில் நுழைவது என்பது உங்கள் விருப்பம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, ரேஷன் கார்டு நிறம் பார்ப்பதில்லை. கேள்வி கேட்காமல் விட்டால் வசதி உள்ளவர்களும் இலவசத்துக்கு வந்துவிட மாட்டார்களா என்று தோன்றும். இரண்டு வாசலுக்கும் வித்தியாசம் அறை, படுக்கை, லென்ஸ் வகை, அறுவை முறை ஆகியவற்றில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். தனி அறையும், மடித்துச் சிறு துளை வழியே வைக்கும் மடக்கு லென்ஸும் வேண்டுமென்கிறவர் தானாகவே கட்டண வாசலுக்குப் போகிறார். விசாரணை வைத்துத் தடுப்பதைவிட இது மலிவு. கைநீட்டும் கூச்சமும் யாருக்கும் இல்லை. இந்த ஏற்பாட்டை நினைத்தவருக்கு மனிதர்களைப் பற்றி ஆழமாகத் தெரிந்திருக்கிறது.

ஓ.பி. வரிசை இப்படிப் போகும். பதிவு, பார்வைச் சோதனை, கண்ணாடிப் பவர் சோதனை, முதல்கட்ட மருத்துவப் பரிசோதனை, கண் அழுத்தம், தேவைப்பட்டால் கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்ற சோதனை, கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து, பிறகு மூத்த மருத்துவர். சொட்டு விட்டபின் பாப்பா நன்றாக விரிய அரை மணி நேரம் ஆகும்; சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் இழுக்கும், மறுபடி மறுபடி விடுவார்கள். முழுச் சுற்றுக்குப் பாதி நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள். சொட்டு விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். பைக் ஓட்டிக்கொண்டு தனியாக வருவது தவறு. கூட ஒருவர் வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: இப்போது போடுகிற கண்ணாடி, பழைய சீட்டுகள், சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையும் அட்டையோடு. மாத்திரை அட்டைக்குக் காரணம் உண்டு. சிறுநீர் சிரமத்துக்கு ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின் என்ற மாத்திரை, அறுவையின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் படலத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். தெரியாவிட்டால் நடுவில் பாப்பா சுருங்கி வேலை சிக்கலாகும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விடவும் வேண்டாம்.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூத்த மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை உங்களைத் தொட்டுச் சோதிப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து, பள்ளி இறுதி முடித்தவர்களாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு வேலையில் கைதேர்ந்தவராக ஆக்குகிறார்கள். ஒருவர் நாள் முழுக்கப் பவர் மட்டும் பார்ப்பார். இன்னொருவர் அழுத்தம் மட்டும். ஒரே வேலையைப் பல ஆயிரம் முறை செய்த கை பதறாது. மருத்துவர் செய்தே ஆக வேண்டிய வேலை எது, பயிற்சி பெற்ற வேறு ஒருவர் செய்யக்கூடியது எது என்று அறுவை மருத்துவரின் நாளைப் பிரித்துப் பார்த்ததில் பிறந்த அணி இது. நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பங்கு இந்தப் பெண்கள்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூத்த மருத்துவர் உங்களோடு இருப்பது சில நிமிடம். அவர் முடிவைச் சொல்வார். விளக்கம், நோயாளிக்கு ஆலோசனை சொல்லும் ஊழியரான கவுன்சிலரிடம்தான் கிடைக்கும். நிறையப் பேச வேண்டும், ஒவ்வொன்றையும் மருத்துவர் வாயால் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு போவது நல்லது. முக்கியமாக மூன்று: விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கிறதா, அறுவைக்குப் பின் எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம், இப்போதே செய்ய வேண்டுமா, ஆறு மாதம் தள்ளலாமா. "புரை பழுக்கட்டும்" என்று காத்திருப்பது பழைய காலத்துப் பழக்கம். முற்றிய புரை கல் மாதிரி இறுகிவிடும். எடுக்கும்போது கண்ணுக்குச் சேதாரம் கூடும். அன்றாட வேலைக்குப் பார்வை போதவில்லை என்றால் அதுதான் சரியான நேரம்.

அறுவை என்று முடிவானால் லென்ஸ் அளவு எடுப்பார்கள். மொத்தச் சேவையிலும் நீங்கள் அதிகம் ஒத்துழைக்க வேண்டிய இடம் இதுதான். கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். சராசரிக் கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை பிசகும். கண்ணைத் தொட்டு அளக்கும் ஸ்கேனில் முனை கொஞ்சம் அழுந்திவிட்டாலும் கண் நீளம் குறைவாகக் காட்டும். கூடுதல் பவர் லென்ஸ் உள்ளே போய்விடும். அறுவை அருமையாக முடிந்தும் தூரப் பார்வை மங்கலாக இருக்கும். ஒளியால் தொடாமல் அளக்கும் கருவியில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மிக முற்றிய புரைக்குள் ஒளி ஊடுருவாது. அங்கே தொடும் ஸ்கேன்தான் வழி. ஆடாமல், சொன்ன இடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது உங்கள் பங்கு. முன்பு கண்ணாடி வேண்டாம் என்று லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு அந்தக் கண்ணுக்குப் பொருந்தாது.

இப்போது ஆபரேஷன் தியேட்டர். அரவிந்தின் பெயரைச் சொல்லும் இடம் இது. அறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். நடுவில் மருத்துவரின் நாற்காலி. தலைக்கு மேலே இரண்டு மேஜைக்கும் திரும்பும் மைக்ராஸ்கோப். முதல் மேஜையில் அறுவை நடக்கும்போதே இரண்டாவதில் அடுத்தவரைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி மூடி, இமையை விரித்து வைத்துவிடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசி அதற்கும் முன்பே வேறு அறையில் போட்டாகிவிட்டது. முதல் கண் முடிந்ததும் மருத்துவர் திரும்புகிறார், மைக்ராஸ்கோப் திரும்புகிறது, அடுத்த கண் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு மேஜைக்கும் தனிச் சிஸ்டர், தனிக் கருவித் தட்டு. கருவித் தொகுப்புகள் பல இருப்பதால் ஒன்று வேலையில், ஒன்று கிருமிநீக்கத்தில், ஒன்று காத்திருப்பில் என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேகம் என்றதும் அவசரமோ என்ற பயம் வருகிறது. அந்த வேகம் கண்ணுக்குள் நடக்கும் வேலையைக் குறுக்கிக் கிடைத்ததல்ல. இரண்டு அறுவைகளுக்கு இடையே மருத்துவர் சும்மா நிற்கும் பொழுதைத்தான் அகற்றியிருக்கிறார்கள். வேறு இடங்களில் ஒருவரை இறக்கி, மேஜையைத் துடைத்து, அடுத்தவரை ஏற்றித் தயார் செய்யும்வரை அறுவை மருத்துவர் காத்திருப்பார். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. அதனால்தான் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2000 அறுவை செய்ய முடிகிறது. இந்திய சராசரியைப் போலப் பல மடங்கு. கட்டடம், கருவி, சம்பளம் எல்லாம் இருந்தபடியே இருக்கும்போது எண்ணிக்கை கூடக் கூட ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு இறங்கிக்கொண்டே போகும். கட்டணம் கொடுக்கிறவரின் பணம் கொடுக்காதவரின் அறுவையைத் தாங்குவது இந்தக் கணக்கில்தான். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் ஓடுவதைப் பார்த்து, கண் சிகிச்சையையும் அப்படி ஒழுங்குபடுத்தலாம் என்று வெங்கடசாமி சொல்லிவந்தார்.

பாதுகாப்பு பற்றி ஒரு எண் சொல்கிறேன். புரை அறுவையில் பயப்பட வேண்டியது கண்ணுக்குள் கிருமி புகுவது. அரவிந்தின் மருத்துவமனைகள் தங்களது 6 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு இது: அறுவை முடியும்போது மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தத் தொடங்கியபின் தொற்று பத்தாயிரத்துக்கு 7 என்ற அளவிலிருந்து 2 என்ற அளவுக்கு இறங்கியது. இத்தனை அறுவைகளின் பதிவை ஒழுங்காக வைத்திருக்கிற இடத்தால்தான் இப்படி அளந்து சொல்ல முடியும். நோயாளியாக எனக்கு விருதுப் பட்டியலைவிட இந்த எண் அதிக நம்பிக்கை தருகிறது.

எந்த முறை, எந்த லென்ஸ்? இலவசப் பிரிவில் பெரும்பாலும் தையல் இல்லாத சிறுதுளை அறுவை. வெள்ளைவிழியில் 6 முதல் 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுரங்கம் போலக் கீறிப் புரையை முழுசாக வெளியே எடுத்து, மடங்காத லென்ஸை வைப்பார்கள். சுரங்கம் தானாக மூடிக்கொள்ளும். கட்டணப் பிரிவில் பெரும்பாலும் பேகோ: 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி, மடக்கு லென்ஸை உள்ளே விரிப்பார்கள். பேகோவில் கண் சீக்கிரம் தேறும், கருவிழி வளைவு குறைவாக மாறும். ஆனால் கல்லாய் இறுகிய புரைக்குச் சிறுதுளை முறையே பல நேரம் பத்திரமானது. அதை ஏழைக்கு என்று ஒதுக்கிய மட்டமான முறை என்று நினைக்க வேண்டாம். தூரமும் கிட்டமும் சேர்த்துக் காட்டும் விலை கூடிய லென்ஸ்கள் எல்லோருக்கும் ஆகாது. இரவில் வண்டி ஓட்டுகிறவர், விழித்திரைக் கோளாறு உள்ளவர், சர்க்கரை நோயால் கண் பாதித்தவர் ஆகியோருக்கு ஒற்றைப் பார்வை லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியுமே நிம்மதி.

லென்ஸ் என்ற பேச்சு வந்ததால் அதன் பின்புலத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறுவனத்தின் மிகத் துணிச்சலான முடிவு அதுதான். முன்பெல்லாம் முகாம்களில் புரையை எடுத்துவிட்டு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். வெளியே சோடா பாட்டில் அடி மாதிரித் தடித்த கண்ணாடி, பவர் பத்துக்கு மேல். எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், வாசல்படி வளைந்து தெரியும், ஓரத்தில் வருகிற வண்டி தெரியாது. அந்தக் கண்ணாடி வயலில் விழுந்து உடைந்தால் மறுபடி குருடு. உள்லென்ஸ் வந்தபோது அது இறக்குமதி, விலை நூறு டாலர் அளவில். காசுள்ளவர்க்கு லென்ஸ், இல்லாதவர்க்குத் தடிக் கண்ணாடி என்று இரண்டு மருத்துவம் ஆகிவிடும் நிலை. அதை ஏற்காமல் 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு எதற்கு ஆலை, தரம் வருமா என்ற சந்தேகங்களைத் தாண்டி விலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. இலவசப் பிரிவில் படுத்திருக்கும் பாட்டியின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் இருப்பது இந்த ஒரு முடிவால்தான். தொலைநோக்கு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

முகாம் வழியாக வருகிறவர்களுக்குச் சேவை வேறு மாதிரி. ஊரில் ஒரு சங்கமோ, கோயில் நிர்வாகமோ, ஆலையோ முகாமை ஏற்று விளம்பரமும் இடமும் பார்த்துக்கொள்ளும். மருத்துவக் குழு அரவிந்திலிருந்து வரும். அறுவை தேவைப்படுகிறவர்களை அன்றே பஸ்ஸில் அழைத்துப்போய், அறுவை, தங்கல், சாப்பாடு, லென்ஸ் எல்லாம் கொடுத்துத் திரும்ப ஊரில் விடுவார்கள். ஆரம்பத்தில் அறுவை மட்டும்தான் இலவசம். அப்போது வரச் சொன்னவர்களில் பலர் வரவில்லை. பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பு, சாப்பாட்டுச் செலவு இவைதான் தடை என்று புரிந்த பிறகு இவற்றையும் சேர்த்தார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் ஒரு மாற்றுத் துணியும், வழக்கமான மாத்திரைகளும், அடையாள அட்டையும் கையோடு கொண்டுவருவது நல்லது. பலர் பரிசோதனைக்கு மட்டும் என்று வெறுங்கையோடு வந்து, அன்றே கிளம்ப முடியாமல் திரும்பிப் போகிறார்கள்.

முகாமும் போதாது என்பது பிறகு தெரிந்தது. கண் பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று அவர்களது சேவைப் பகுதியில் எடுத்த கணக்கே காட்டியது. இத்தனை முகாம் நடத்திய நிறுவனம் அந்த எண்ணை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு 2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர், விளக்கொளியில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, விழித்திரைப் படமெடுக்கும் கேமரா, தொலைவில் உள்ள மருத்துவரோடு வீடியோ இணைப்பு, இவ்வளவுதான் மையம். கண்ணாடி மாற்ற, சர்க்கரை நோயாளிகள் விழித்திரையைப் பார்க்க, அறுவைக்குப் பின் மறுபரிசோதனை செய்ய இதுவே போதும். பெரிய ஆஸ்பத்திரியில் பாதி நாள் உட்கார வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் மையம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். இந்தச் சேவையிலேயே பலர் அறியாமல் விடுவது இதைத்தான்.

அறுவைக்குப் பிறகு நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வீட்டில் நடப்பவை. சொட்டு மருந்தை வழக்கமாக முதல் வாரம் நாளுக்கு ஆறு முறை தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறு வாரம் விடச் சொல்வார்கள். உங்கள் சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. கண் நன்றாகத் தெரிகிறது என்று பத்தாம் நாள் நிறுத்திவிட்டால் உள்ளே அழற்சி திரும்பும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு போதும். பாட்டில் முனை கண்ணிலோ இமைமுடியிலோ படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். தலைக்குக் குளிப்பது, சமையலறைப் புகை, கனம் தூக்குவது எல்லாம் சீட்டில் எழுதிய நாள்வரை வேண்டாம். வலி கூடுவது, சிவப்பு ஏறுவது, தெரிந்த பார்வை மங்குவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். ஒரு நாள் தாமதம்கூடக் கண்ணைப் பறித்துவிடலாம்.

கண்ணாடிப் பவரை ஒரு மாதம் கழித்தே பாருங்கள். அதற்குள் வெளியே அவசரப்பட்டு வாங்கிய கண்ணாடி பெரும்பாலும் வீணாகும், சிறுதுளை முறையில் செய்தவர்களுக்கு நிச்சயமாக. சில மாதமோ சில வருடமோ கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துவிட்டது" என்பார்கள். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பின்னுறை மங்கியிருக்கும்; லேசரில் சில நிமிடத்தில் நடுவே திறப்பு போட்டுவிடலாம், படுக்கை தேவையில்லை. இதற்குப் போகும்போதும் அதே பதிவு எண் சீட்டைக் கொண்டுபோங்கள், வைத்த லென்ஸின் பவரும் வகையும் அதில் இருக்கும். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள்.